எலுமிச்சைத் தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம்

''புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் செடி, பூச்சி, பறவைகளை எல்லாம் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஆசை. 15 பிள்ளைகள் வரத் தயாராக இருக்கிறார்கள். என் அண்ணன் மகளுக்கு 9 வயது. மூளை முடக்குவாதம் இருப்பதால் நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். அடுத்த தெருவில் பார்வையில்லாத பையன் ஒருவனும் இருக்கிறான். 'இவங்களுக்குத் தனியா ஒருநாள் வெச்சுக்கலாம். மத்த பிள்ளைகளோட சேர்த்தா ரெண்டு தரப்புக்கும் கஷ்டம்' என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எப்படிச் செய்வது?''

- வாசகி, புளியங்குடி

தனியாக ஒருநாள் வேண்டாம். அப்படி ஒதுக்கப்படும் நாள் இரண்டு முறை நடக்கும். மூன்றாவது முறை காய் பறிப்பு வந்துவிடும், நான்காவது முறை கல்யாண வீடு வந்துவிடும். அதோடு நின்றுபோகும். 15 பேர் வரும் நாளை யாரும் அவ்வளவு எளிதாகத் தள்ளிப்போட மாட்டார்கள். பிள்ளைகளே வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அந்த நாளில்தான் இந்த இருவரும் இருக்க வேண்டும்.

பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் 13 பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் போட்டுவிட்டு, 'இந்த இரண்டு பேரை இதில் எப்படிச் சேர்ப்பது?' என்று பிறகு யோசிக்கிறார்கள். திட்டத்தை அந்த இரண்டு பேரிடம் இருந்தே தொடங்கிவிட்டால் பாதி சிக்கல் இல்லாமல் போகும். சக்கர நாற்காலி எதுவரை போகிறதோ, அதுதான் வகுப்பு நடக்கும் பாதை. பார்வையில்லாத பையன் தொட்டும் மோந்தும் கேட்டும் எதை அறிந்துகொள்வானோ, அதுதான் முதல் பாடம். மற்ற பிள்ளைகளுக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. கண்ணிருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் எதையும் தொட்டுப் பார்ப்பதே இல்லை, 'பார்த்தாச்சு' என்று ஓடிவிடுவார்கள்.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இதை நம்பவைக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆய்க்குடி. கல்லூரி மாணவராக இருந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ம் ஆண்டு கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-ம் ஆண்டு தன் சொந்த ஊரில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவரும் பட்டயக் கணக்காளருமான எஸ்.சங்கரராமன் பின்னர் அதில் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடி இருவர் ஒரு பெரிய வளாகத்தையே நடத்திக் காட்டிய ஊர் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அனுமதி கேட்டுப் போய், சரிவுப்பாதை, கழிவறை, கைப்பிடி எல்லாம் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால், தோட்டத்தில் என்ன செய்யலாம் என்பது தானாகப் பிடிபடும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, விளையாட்டிலும் பொழுதுபோக்குச் செயல்பாடுகளிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தோட்டத்து வகுப்பு பள்ளிக்கூடம் இல்லைதான். ஆனால், 'சுற்றுலாவுக்கு இவள் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்' என்று பள்ளியில் சொன்னால் பெற்றோர் இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டலாம். அது தெரிந்திருப்பது நல்லது.

பாதையும் கழிவறையும்

எலுமிச்சைத் தோட்டத்தில் நாற்காலி போக முதல் எதிரி முள். கவாத்து செய்த குச்சிகளை மரத்தடியிலேயே போட்டுவைப்பது நம் வழக்கம். மூடாக்குக்கு அது நல்லதுதான். ஆனால் வகுப்பு நடக்கும் பாதையில் ஒரு குச்சிகூடக் கிடக்கக் கூடாது. டயரில் ஏறினால் அன்றைய வகுப்பு முடிந்தது. பார்வையில்லாத பிள்ளைக்குக் கீழே கிடக்கும் முள்ளைவிட முக உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைதான் ஆபத்து. பாதையின் இருபக்கமும் ஆள் உயரம் வரை பக்கக் கிளைகளை ஒதுக்கி வெட்டிவிட வேண்டும்.

தோட்டம் முழுக்கப் பாதை போடத் தேவையில்லை. கேட்டில் இருந்து மோட்டார் ரூம் வரை, அங்கிருந்து நிழலான ஒரு மரத்தடி வரை போதும். நாலடி அகலத்துக்குச் செடி, புல்லைச் செதுக்கிவிட்டு, சரள் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, நன்றாகக் கெட்டிக்க வேண்டும். மணலோ ஜல்லியோ கொட்டினால் சக்கரம் புதையும். நாற்காலியைத் திருப்ப மரத்தடியில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். மேடு ஏறும் இடத்தில் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சரிவு அமைத்தால், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்காது. சொட்டுநீர்க் குழாய் பாதைக்குக் குறுக்கே போனால் அரையடி ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறி ஏறி நசுங்கும். இந்தச் செலவு பிள்ளைகளுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் காய் மூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரவும் அதே பாதைதான் உதவப்போகிறது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். 4 வயதில் அது சரி. 9 வயதுப் பெண்ணை மற்ற பிள்ளைகள் முன்னால் இடுப்பில் தூக்கிப் போவது அவளுக்குப் பிடிக்குமா என்று அவளிடமே கேட்க வேண்டும். பெரும்பாலும் பிடிக்காது.

மண்ணில் கைவைத்து வேலை செய்வதற்கும் வழி இருக்கிறது. கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறைகளை இரண்டு அடி உயரத்துக்கு அடுக்கி, மண்ணும் தொழுவுரமும் நிரப்பினால், நாற்காலியை அதன் பக்கவாட்டில் நிறுத்தி உட்கார்ந்தபடியே விதை போடலாம். கீரை, வெண்டை, கொத்தவரை எதுவானாலும் அதில் வரும். உறையைச் சுற்றி மற்ற பிள்ளைகள் நின்றுகொண்டு செய்வார்கள். ஒரே பாத்தி, ஒரே வேலை.

எல்லோரும் பேசக் கூச்சப்படும் ஒரு விஷயம் கழிவறை. இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பதற்குப் பெற்றோர் ஆயிரம் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பல நேரம் இதுதான். மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு கழிவறை இருந்தால் அதன் வாசலை மூன்றடி அகலமாக்கி, படியை எடுத்துவிட்டு, சுவரில் ஒரு கைப்பிடி பதித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டால் போதும். கழிவறை இல்லையென்றால் வகுப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வதே சரி.

இலையைத் தின்னும் புழுதான் முதல் பாடம்

எலுமிச்சை விவசாயிக்குப் பிடிக்காத ஒரு புழு இருக்கிறது. தளிர் இலைகளை மொட்டையடித்துவிடும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. 'எலுமிச்சை அழகி' என்றும் அதை அழைக்கிறார்கள். நாற்றங்காலிலும் இளங்கன்றுகளிலும் இதைக் கையால் பொறுக்கி எடுப்பதுதான் வழக்கம். வளர்ந்த மரத்துக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. பாதையோரமாக இருக்கும் ஒரு மரத்தை மட்டும் பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட வேண்டும். அதில் புழு பொறுக்கவும் கூடாது, மருந்து அடிக்கவும் கூடாது.

தாய்ப்பூச்சி இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். குண்டூசித் தலை அளவில், வெளிர் மஞ்சளாக இருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் நன்றாகத் தெரியும். பொரிந்து வரும் சின்னப் புழுவைப் பார்த்தால் புழு என்றே தெரியாது. இலைமேல் விழுந்த பறவை எச்சம் போல, கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். பறவை தன் எச்சத்தைத் தானே தின்னுமா? அதுதான் அந்தப் புழுவின் தந்திரம். வளர்ந்த பிறகு தோலுரித்துப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது இலையோடு இலையாக ஒளிந்துகொள்ளும். முட்டையில் இருந்து வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும்வரை சுமார் ஒரு மாதம். நான்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முழு வாழ்க்கையைப் பார்த்துவிடலாம்.

பார்வையில்லாத பையன் இதில் எப்படிச் சேர்வான்? பச்சைப் புழுவைப் பின்பக்கமாக மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னால் இருந்து பிளவுபட்ட கொம்பு போன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டும். அதில் இருந்து ஒரு கார வாடை கிளம்பும். எதிரிகளை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது. முதலில் மோந்து பிடிப்பவன் அந்தப் பையனாகத்தான் இருப்பான். மற்றவர்கள் கொம்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புழு ஊர்வதை உள்ளங்கையில் விட்டுப் பார்க்கலாம், கடிக்காது. ஆனால், ரோமம் உள்ள கம்பளிப்பூச்சியை, முக்கியமாக முருங்கை மரத்தில் கூட்டமாக இருப்பதை, யாரும் தொடக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருக்கும் மரமும் அப்படித்தான். கிட்டே போய்க் கையை வைத்தால் அழுகைதான்.

அதேபோல ஒலிப் பாடம். எல்லாப் பிள்ளைகளும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஆளுக்குப் பத்துக் கூழாங்கல். ஒரு சத்தம் எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசையில் ஒரு கல்லை வைக்க வேண்டும். செம்போத்தின் 'கூப் கூப்', மயில் அகவல், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சண்டை, தூரத்து பம்புசெட். முடிவில் யாருடைய கற்கள் அதிகம், திசை சரியா என்று பார்க்க வேண்டும். இந்த விளையாட்டில் அந்தப் பையனை ஜெயிப்பது மற்றவர்களுக்குச் சுலபமாக இருக்காது. மாலை வகுப்பு என்றால் புளியமரத்தின் கீழே உட்காரலாம். இருட்டும்போது புளிய இலைகள் மடங்கிக்கொள்ளும். தாழ்ந்த கிளையைப் பிடித்து ஐந்து மணிக்கு ஒருமுறையும் இருட்டிய பிறகு ஒருமுறையும் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் விரலுக்குத் தெரியும். ஊர் பெயரிலேயே புளி இருக்கும்போது மரத்துக்கு என்ன பஞ்சம்?

'கண் தெரியாத பிள்ளைக்கு இயற்கைப் பாடம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கதையைச் சொல்லலாம். நெதர்லாந்தில் 1946-ம் ஆண்டு பிறந்த கீராட் வெர்மெய் என்பவருக்கு 3 வயதில் பார்வை முழுவதும் போய்விட்டது. குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. நான்காம் வகுப்பில் அவருடைய ஆசிரியை, ஃபுளோரிடா கடற்கரையில் இருந்து கொண்டுவந்த சிப்பிகளையும் சங்குகளையும் வகுப்பறை ஜன்னலோரம் வைத்திருந்தார். அந்தப் பையன் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். குளிர்ப் பகுதிச் சிப்பிகள் கரடுமுரடாகவும், வெப்பக் கடல் சிப்பிகள் வழுவழுப்பாகவும் அழகாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வி அவனுக்குள் அன்றே முளைத்தது. பின்னாளில் அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியரானார். சங்குகளில் நண்டுகள் ஏற்படுத்திய தழும்புகளை விரலால் தடவியே பல கோடி ஆண்டுச் சண்டைகளைப் படித்துச் சொன்னார். அந்த ஆசிரியை செய்தது, கைக்கு எட்டும் இடத்தில் சங்கை வைத்தது மட்டும்தான்.

சத்தமும் கிணறும்

நாளைக்கே இன்னொரு வீட்டில் இருந்து காது கேட்காத பிள்ளையோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையோ வரலாம். காது கேட்காத பிள்ளை இருந்தால், சொல்லிக்கொடுப்பவர் நடந்துகொண்டே பேசக் கூடாது. நின்று, திரும்பி, தன் முகத்தில் வெளிச்சம் படும்படிப் பேச வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு இருட்டாகத் தெரியும். கூட்டம் சேர்க்க விசிலுக்குப் பதிலாகச் சிவப்புத் துண்டை உயர்த்தினால் எல்லோருக்கும் தெரியும். பார்வையில்லாத பையனுக்காகக் கையில் ஒரு மணியும் வேண்டும். துண்டும் மணியும் சேர்ந்து வந்தால் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது முதல் நாள் பழக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எதிர்பாராத சத்தமும் மாற்றமும்தான் பெரிய தொந்தரவு. வாராவாரம் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வரிசை என்றிருந்தால் பழகிக்கொள்வார்கள். அன்றைக்கு என்னென்ன நடக்கப்போகிறது என்பதை நான்கு படமாக வரைந்து முன்பே காட்டிவிடலாம். கூட்டம் பிடிக்காமல் போனால் ஒதுங்கி உட்கார ஒரு பாய், ஒரு மரத்தடி வேண்டும். இந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றி, மயிலை விரட்ட வெடி போடுகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் வெடி வேண்டாம் என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

மலையடிவாரம் என்றதும் பெற்றோர் யானையைக் கேட்பார்கள். யானை நடமாட்டம் பற்றி வனத்துறை எச்சரித்த வாரத்தில் வகுப்பை வைக்கவே கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால், காலை ஏழரை மணிக்குத் தோட்டத்துக்குள் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய ஆபத்து யானை அல்ல, கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீரைப் பார்த்தால் ஓடிப்போகும் ஈர்ப்பு உண்டு. வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்குத் தொட்டித் தண்ணீரே ஆபத்து. கிணற்றைச் சுற்றி வேலி போட்டு, கதவைப் பூட்டிய பிறகுதான் முதல் வகுப்பு. பண்ணைக்குட்டை இருந்தால் அதற்கும் இதே விதி. வகுப்பு நேரத்தில் ஒரு பெரியவர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. 15 பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்களாவது தேவை. பூச்சிமருந்து அடித்திருந்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை தோட்டத்துக்குள் யாரும் வரக் கூடாது.

பெற்றோரிடம் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வதும் அவசியம். என்ன மருந்து சாப்பிடுகிறாள், எது ஒவ்வாது, வலிப்பு வந்தால் என்ன செய்வது, எது பிடிக்கும், எதற்குப் பயம். கடைசி இரண்டும்தான் வகுப்புக்கு அதிகம் பயன்படும். உதவிக்கு ஆள் தேடி வெகுதூரம் போகவேண்டாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியர் மூலம் கேட்டு, ஒருநாள் தோட்டத்துக்கு வரச் சொல்லலாம். நாற்காலியை மேட்டில் எப்படிப் பின்பக்கமாக இறக்குவது என்பதை அவர்கள் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. கடிதத்தில் 'தெருப் பிள்ளைகள்' என்று இருக்கிறது. எந்தத் தெரு? அந்தத் தோட்டத்தில் காய் பொறுக்க வரும் அக்காமார்களின் பிள்ளைகள் அந்த 15 பேரில் இருக்கிறார்களா? அவர்களையும் கூப்பிட வேண்டும், அதே பானையில் தண்ணீர், அதே பாயில் இடம். தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறம் வரை சாதி பார்க்கும் நிலை வந்ததால்தான், ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு குழு 2024-ம் ஆண்டு தன் அறிக்கையில் அதைத் தடை செய்யச் சொன்னது. சக்கர நாற்காலிக்குப் பாதை போட்டுவிட்டு இந்தப் பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிறுத்தினால் அது எல்லோருக்குமான வகுப்பு ஆகாது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் வசிக்கும் பளியர் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால், தேன், கிழங்கு, தடம் பார்ப்பது பற்றி மற்றவர்களுக்கு அவர்களே பாடம் எடுப்பார்கள். கட்டணம் எதுவும் வைக்காமல் தொடங்குவது நல்லது. எலுமிச்சைச் சாறும் சுண்டலும் கொடுக்கத் தோட்டத்தால் முடியும்.

''நாங்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நடக்க முடியாத மாணவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.''

- வாசகர், வாசுதேவநல்லூர்

சிவகிரி முதல் குற்றாலம் வரையிலான மலைக்காடுகளில் பெரும்பகுதி, 2015-ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. பரப்பு சுமார் 356 சதுர கிலோமீட்டர். வனச்சரகர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து முறையான அனுமதி பெறாமல் ஓர் அடிகூட உள்ளே வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் மலைப்பாதையில் அந்த இரண்டு மாணவர்களும் ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டி வரும். காட்டுக்குள் போனால்தான் இயற்கைக் கல்வி என்பது ஒரு பழைய எண்ணம்.

அதற்குப் பதிலாகக் குளத்துக்குப் போகலாம். குளத்துக் கரைமேல் வண்டிப்பாதை இருக்கும், நாற்காலி போகும், பறவை எல்லோருக்கும் ஒரே தூரத்தில்தான் இருக்கும். மணிமுத்தாற்றில் ஏட்ரீ அமைப்பு நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், 2011-ம் ஆண்டில் இருந்து தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜனவரி வாக்கில் குளம் குளமாகப் போய், ஊர்க்காரர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களுமாகச் சேர்ந்து எண்ணுகிறார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம். எண்ணுவது ஒருவர், தொலைநோக்கியில் பார்த்து அடையாளம் சொல்வது ஒருவர், குறிப்பு எழுதுவது ஒருவர் என்று வேலையைப் பிரித்தால், ஓட முடியாத மாணவர்தான் பெரும்பாலும் நல்ல எண்ணிக்கையாளர். அசையாமல் ஒரே இடத்தில் இருப்பவர் அருகில்தான் பறவை பயமில்லாமல் வரும்.

சுற்றுலா என்றே போக வேண்டுமென்றால் தாமிரபரணிக் கரையில் இருக்கும் திருப்புடைமருதூருக்குப் போகலாம். கோயிலையொட்டிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர் மக்கள் காத்துவந்ததால், 2005-ம் ஆண்டு அந்த இடம் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மலையேற வேண்டாம். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

பள்ளி வளாகத்தைவிட்டே வெளியே போகாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் 2010 முதல் நடந்துவருகிறது. கேரளத்துப் பள்ளிகள் நிறைய இதில் இருக்கின்றன. செங்கோட்டையைத் தாண்டினால் அந்தப் பக்கம் பிள்ளைகள் செய்வதை இந்தப் பக்கமும் செய்யலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு மரம். வாரம் ஒருமுறை அந்த மரத்தில் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். மா, புளி, வேம்பு, கொன்றை எதுவானாலும் சரி. மரத்தை நோக்கிப் பாதை இருக்கிறதா என்று பார்த்து மரத்தை ஒதுக்கினால், நாற்காலியில் வரும் மாணவருக்கும் தனி மரம் கிடைக்கும். மாம்பூ எந்த வாரம் வந்தது என்று மூன்று வருஷம் எழுதிய நோட்டு, பிள்ளைகளைவிட அவர்களுடைய அப்பாவுக்குத்தான் அதிகம் பயன்படும்.

''பாம்புக்குப் பயந்து என் மனைவி மகனை எங்கேயும் அனுப்ப மறுக்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?''

- வாசகர், கடையநல்லூர்

பயம் நியாயமானது. 'பாம்பு எல்லாம் வராதுங்க' என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாது. தோட்டம் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். பாதை சுத்தமாக இருப்பது, பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லாமல் ஷூ போடுவது, மட்டை, கல் குவியலுக்குள் கைவிடக் கூடாது என்று பழக்குவது, புல்லுக்குள் போகும் முன் பெரியவர் கம்பால் தட்டிக்கொண்டு போவது ஆகியவற்றால் பெரும்பாலான சம்பவங்களைத் தவிர்க்கலாம். நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் கால் பலகைக்குக் கீழே பார்ப்பதை ஒருவர் வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகளுக்குக் காலில் உணர்வு இருக்காது, எறும்பு கடித்தாலும் சொல்லத் தெரியாது.

மீறிக் கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் கூடாது. பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்கு அழைத்தோ கிடைக்கும் வண்டியிலோ நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பை அடித்து எடுத்துப்போக நேரத்தைச் செலவிட வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன்பே, எந்த வண்டி தயாராக நிற்கும், யார் ஓட்டுவார், எந்த மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமையும் மருந்து இருக்கும் என்பதை விசாரித்து ஒரு அட்டையில் எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். அந்த அட்டையை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். முதல் இரண்டு வாரம் அவரையும் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். கிணற்றுப் பக்கம் நிற்க எப்படியும் ஒரு பெரியவர் தேவை.